பதினான்காம் பக்கத்துக் கட்டைவிரல்

வெரோனிக்கா மோத்தாவின் வலது கட்டைவிரல் அன்று காலை ஒன்பது மணியிலிருந்து பதினோரு மணிக்குள் அறுபத்துமூன்று முறை தவறியது. அவள் எண்ணவில்லை. முழங்கைக்குக் கீழே சுற்றியிருந்த பட்டை எண்ணியது.

தவறிய இடம் ஒன்றே ஒன்றுதான். பதினான்காம் பக்கம், மூன்றாவது வரி. வலது கை மேல்நோக்கி ஓடும்போது கட்டைவிரல் நடுவிரலுக்கு அடியில் நுழைந்து பியானோவின் அடுத்த கட்டையைப் பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டால் கை வழுக்கிக்கொண்டு உச்சிக்குப் போய்விடும். தவறவிட்டால் மற்ற நான்கு விரலும் முட்டுச்சந்தில் மாட்டிய ஆட்டோ மாதிரி திகைத்து நிற்கும்.

நின்றது.

“அறுபத்திநாலு,” என்றான் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்த ஸ்டெனிஸ்லாஸ்.

“அண்ணே, சத்தமா எண்ணாதீங்கன்னு எத்தன வாட்டி சொல்லுதேன்?”

“அதையும் எண்ணவா?”

தூத்துக்குடி பீச் ரோட்டில் உப்பு மூட்டை அடுக்கி வைத்த பழைய கிட்டங்கி ஒன்றை இடித்துக் கட்டிய கைமீட்சி மையம் அது. பக்கவாதம் வந்து கை விழுந்தவர்களுக்கானது. ஸ்டெனி அங்கே இயந்திரம் பார்க்கிறவன். வெரோனிக்கா நோயாளியும் இல்லை, ஊழியரும் இல்லை. அவள் கழுத்தில் தொங்கிய அட்டையில் ‘பழகுநர்’ என்று போட்டிருந்தது. தினமும் நான்கு மணி நேரம் பட்டையைக் கட்டிக்கொண்டு, தனக்கு வராத ஒன்றை உட்கார்ந்து பழக வேண்டும். அவ்வளவுதான் வேலை. பதிலுக்கு மையத்தின் கிராண்ட் பியானோவை அவள் எடுத்துக்கொள்ளலாம். உப்புக்காற்றில் சுதி இறங்காத ஒரே பியானோ ஊரில் அதுதான், அந்த அறையில் ஏ.சி. நிற்பதே இல்லை என்பதால். அவள் வீட்டில் இருந்தது அறுபத்தொரு கட்டை கீபோர்டு. இந்த பீஸை அதில் வாசித்தால் கடைசிப் பக்கத்தில் இரண்டு கையும் மேசையில் போய் விழும்.

பீஸ் அப்படிப்பட்டது. ஹங்கேரி நாட்டுக் கிராமங்களில் ஆடும் சார்தாஷ் என்ற ஆட்டத்தை வைத்து எழுதியது. முதல் பாதிக்கு லாஷு என்று பெயர்; மெதுவாக, மீசையை நீவிக்கொண்டு ஒருத்தன் தெருவில் நடந்து வருகிற மாதிரி இருக்கும். இரண்டாம் பாதி ஃப்ரிஷ். அது வேகம். அதுவும் ஒரே வேகம் இல்லை, ஏறிக்கொண்டே போகிற வேகம். ஆடுகிறவர்களுக்கு மூச்சு வாங்கும், பாவாடை சுழலும், யாராவது ஒருவர் கத்துவார், அப்போதும் ஏறும். பதினான்காம் பக்கத்தில்தான் அந்த ஏற்றம் ஆரம்பிக்கிறது.

புடாபெஸ்டில் ஓர் இசைப்பள்ளி இந்த பீஸைக் கட்டாயமாக வைத்து ஆள் எடுக்கிறது. காமிரா வழியாக நேரலைத் தேர்வு. இருபத்திரண்டு வயதுக்குள் இருக்க வேண்டும். வெரோனிக்காவுக்கு இருபத்துமூன்று பிறக்க ஐந்து வாரம் இருந்தது. தேர்வுக்குப் பன்னிரண்டு நாள்.

அவள் சோம்பேறி இல்லை. எட்டு கிரேடு பரீட்சையும் முதல் தடவையிலேயே பாஸ் பண்ணியவள். பண்ணிய விதம் ஊரில் எல்லோரும் பண்ணுகிற விதம்தான்: வருஷத்துக்கு மூன்றே மூன்று பீஸ், தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோம் ஒன்று, அதன் வேகத்தில் நாளுக்கு இரண்டு புள்ளி. இன்றைக்கு அறுபதில் சுத்தமாக வந்தால் நாளைக்கு அறுபத்திரண்டு. மறுநாள் அறுபத்துநாலு. இந்த பீஸையும் அப்படித்தான் ஏற்றினாள். சுவர்க் காலண்டரில் ஒவ்வொரு நாளும் ஓர் எண். நாற்பத்தேழு நாளில் நூற்றைம்பத்திரண்டைத் தொட்டுவிட்டாள். மெட்ரோனோம் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தால் எந்த வேகத்திலும் பிசிறு இல்லை. அதை அணைத்துவிட்டு முதலிலிருந்து வாசித்தால் பதினான்காம் பக்கத்தில் கட்டைவிரல் செத்துவிடும்.

“என் பெருவிரல் கட்டையாப் பொறந்துட்டுண்ணே,” என்பாள் ஸ்டெனியிடம்.

ஸ்டெனி அப்போதெல்லாம் திரையைப் பார்த்துக்கொண்டு, “ம்” என்பான்.

வீட்டில் அம்மாவுக்கு இந்த ஏற்பாடே விளங்கவில்லை. தன் துறைமுக அலுவலகச் சீருடைச் சேலையைத் தேய்த்துக்கொண்டே வாரம் ஒருமுறை கேட்பாள்.

“அப்ப நீ வாசிக்கது அந்த நோயாளிக்குக் கேக்குமாட்டி?”

“கேக்காதும்மா. என் கைல ஒரு பட்ட, அவங்க கைல ஒரு பட்ட. என் கை ஒரு தப்புப் பண்ணிட்டுத் திருத்துது பாருங்க, அப்ப மூளைலருந்து நரம்பு வழியா ஒரு உதறு இறங்கும். அந்த உதறத்தான் பட்ட எடுத்து அவங்க கைக்கு அனுப்பும். செத்துக் கெடக்குற நரம்பு அதக் கேட்டு முழிச்சுக்கும்.”

“தப்பத்தான் அனுப்புமா? சரியா வாசிச்சா?”

“சரியா வாசிச்சா ஒண்ணும் போகாது. நீங்க சேலைக்குக் கொசுவம் வைக்கையில யோசிச்சா வைக்கீங்க? கை தானாப் போகுதுல்லா? தானாப் போற கைல உதறு இல்ல.”

“நல்ல கூத்து. தப்புத் தப்பா வாசிக்கதுக்கு ஏசி ரூமு.” அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “அந்த ஆளு யாருன்னாவது தெரியுமா?”

“சொல்ல மாட்டாங்க. ரூல்.”

ரூல் உடைந்தது தண்ணீரால்.

மறுநாள் பத்தரை மணிக்குக் குலசேகரப்பட்டினம் ஏவுதளத்திலிருந்து ராக்கெட் கிளம்பியது. ராக்கெட் நாளில் தரை அதிரும், பட்டை அதையும் விரல் நடுக்கம் என்று நினைத்துக் குழம்பும். அதனால் பழகுநர் கையிலிருந்து போகும் நேரலையைக் கால்மணி நேரம் நிறுத்திவிடுவார்கள். வெரோனிக்கா தண்ணீர் குடிக்கப் போனாள். அவள் பக்கத்து மெஷினில் தண்ணீர் இல்லை. பயிற்சிக் கூடத்துக்குப் போனால் இருக்கும் என்றார் காவலாளி. போனாள்.

கூடத்தில் ஜன்னலோரம் ஒரு பெண். நாற்பது வயதுக்குள் இருக்கும். வலது கையை ஒரு மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு, அது தன் கையே இல்லை என்கிற மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் பட்டை. நேரலை நின்றதால் காலையில் பதிந்ததைத் திரும்ப ஓடவிட்டிருந்தார்கள்.

ஆள்காட்டி அசைந்தது. நடுவிரல் அசைந்தது. கட்டைவிரல் உள்ளே நுழையப் பார்த்து, நின்றது. மறுபடி ஆள்காட்டி, நடுவிரல். கட்டைவிரல் நுழையப் பார்த்து, நின்றது.

வெரோனிக்காவின் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது. தன் கையெழுத்தை ஊர் பேர் தெரியாத ஒருத்தர் நோட்டில் பார்த்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. எந்த இடத்தில் தயங்கும், எவ்வளவு நேரம் தயங்கும், பிறகு எப்படி வெட்கப்பட்டுப் பின்வாங்கும் என்று அவளுக்கு அணு அணுவாகத் தெரியும்.

“என்ன பாக்கே? உக்காரு,” என்றார் அந்தப் பெண். “நீயும் வைத்தியத்துக்கா?”

“இல்லக்கா. சும்மா... தண்ணி குடிக்க.” அட்டையை மெல்லத் திருப்பிவிட்டுக்கொண்டாள்.

“எம் பேரு பிலோமி. மக்ரூன் கம்பெனில இருந்தேன். மாவக் கூம்புல போட்டுத் தட்டுல புழியுறது. ஒரு தட்டுக்கு நூறு, ஒரே உசரம், ஒரே சுழி. அஞ்சு மாசம் முன்னாடி புழிஞ்சுக்கிட்டே இருக்கையில கூம்பு நழுவிட்டு. குனிஞ்சு எடுக்கப் போனா கையக் காணோம்.” சிரித்தார். “நாலு விரல் திரும்பிட்டு. இந்தப் பெருவிரல்தான் சண்டித்தனம் பண்ணுது. பெருவிரல் இல்லாம கூம்பப் புடிக்க முடியாது, ஒரு சட்டப் பொத்தானக்கூடப் போட முடியாது.”

“அசையுதே இப்ப.”

“அது நான் இல்ல. எவளோ ஒருத்தி வாசிக்கா. இல்ல எவனோ. எனக்கென்னவோ பொம்பளப் புள்ளைனுதான் தோணுது. ஒரே எடத்துல போய் முட்டிக்கிட்டே கெடக்கா, கிறுக்கி.” பிலோமி குரலைத் தாழ்த்தினார். “ஆனா அவ முட்ட முட்டத்தான் எனக்கு இது எந்திரிக்குது. மூணு வாரத்துல இங்கருந்து இங்க வந்துருக்கு பாரு. ஒண்ணு சொல்லுதேன், யார்ட்டயும் சொல்லாத. அவ தேறிரக் கூடாதுன்னு பனிமய மாதாவுக்கு நெதம் மெழுகுவத்தி கொளுத்துதேன். பாவந்தான். வேற என்ன செய்ய, சொல்லு.”

வெரோனிக்கா தண்ணீரைக் குடிக்காமலே திரும்பி வந்தாள். கண்ணாடித் தடுப்பைச் சுற்றிப் போய் ஸ்டெனியின் திரைக்கு முன்னால் நின்றாள்.

“மூணு வாரமா ஒரே எடத்துல தப்புதேன். எதுனாலன்னு உங்க மெஷினுக்குத் தெரியுமா?”

“நீ கூடத்துக்குப் போனியா?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கண்ணே.”

ஸ்டெனி நாற்காலியைப் பின்னால் தள்ளினான். 

“தெரியும். உன் பெருவிரல்ல ஒரு கோளாறும் கெடையாது. மெட்ரோனோம்தான் கோளாறு.”

“என்னது?”

“ஒவ்வொரு வேகத்துலயும் ஒனக்கு விரல் சுத்தமா இருக்கு. தொண்ணூறுல சுத்தம். தொண்ணூத்திரெண்டுல சுத்தம். ஆனா தொண்ணூறுலருந்து தொண்ணூத்திரெண்டுக்குப் போறத நீ ஒரு நாளும் பழகல. நடுவுல எப்பவும் ஒரு ராத்திரி தூங்கிட்டு வந்துருக்கே. அந்த ஆட்டம் தூங்காதுல்லா? ஓடிக்கிட்டே ஏறும். ஒன் கை அடுத்த படி எங்கன்னு தேடி நிக்கி. மெட்ரோனோமத் தூக்கிப் போட்டுட்டு, ஆடுற மாதிரி நெனச்சு ரெண்டு நாள் வாசிச்சா சரியாயிரும். எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனா கிராஃபுல பளிச்சுன்னு தெரியுது.”

வெரோனிக்காவுக்கு முதலில் கோபம் வரவில்லை. மூன்று வாரத்தில் எத்தனை மணி நேரம் என்று மனசு கணக்குப் போட்டது. கோபம் பிறகு வந்தது.

“சொல்லாம இருக்கச் சொன்னது யாரு? டாக்டரா?”

“யாரும் சொல்லல. நானாத்தான்.” அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “பக்கவாதம் வந்து ஆறு மாசம் வரைக்கும்தான் நரம்பு தொறந்துருக்கும். அப்புறம் சாத்திக்கும். அவங்களுக்கு ஒரு மாசம்தான் பாக்கி. வேற பழகுநர்னா கை அளவு பாத்து, நரம்பு பொருத்தம் பாத்து, மூணு வாரம் ஓடிரும். பழைய பதிவத் திருப்பி ஓடவிட்டா ரெண்டே நாள்ல நரம்புக்குப் பழகிரும், அப்புறம் அது கேக்காது. தெனமும் புதுசா ஒரு தப்பு வேணும். நீ தந்துக்கிட்டு இருந்தே.”

“எனக்குப் பரீட்சைன்னு தெரியும்லா?”

“தெரியும்.”

“இன்னும் பதினோரு நாள்தான்னு தெரியும்லா?”

“நான் என்ன செய்ய வெரோ? ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் அவங்க. நான் நடுவுல உக்காந்து வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். அது சரின்னு சொல்ல வரல.”

அவள் பட்டையைக் கழற்றி மேசையில் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் வந்தாள். வராமல் இருந்தால் பியானோ இல்லை. வழி முழுக்க ஒரு முடிவோடு வந்தாள்: நேற்றுக் கேட்டதைக் கேட்காத மாதிரி வைத்துக்கொள்வது. மெட்ரோனோமை வைத்துப் பழகுவது, அணைத்ததும் பழையபடி முட்டுவது. ஒரு வாரம் அக்காவுக்கு, கடைசி மூன்று நாள் தனக்கு. பங்கு சரியாகத்தான் இருந்தது.

உட்கார்ந்தாள். லாஷு முடிந்தது. ஃப்ரிஷ் ஆரம்பித்தது. பன்னிரண்டாம் பக்கம், பதிமூன்று. அணைத்த மெட்ரோனோம் அவள் தலைக்குள் அதன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. அவள் காது அதை விட்டுவிட்டது. வேண்டுமென்று விடவில்லை. யாரோ ஆடுகிறார்கள் என்று ஒரு கணம் நினைத்தாள், அவ்வளவுதான். பதினான்காம் பக்கம் மூன்றாவது வரியில் கட்டைவிரல் உள்ளே போனது, பிடித்தது, கை ஏறியது, இன்னும் ஏறியது, பதினைந்து, பதினாறு, கடைசி அடி விழுந்தபோது அவள் ஸ்டூலிலிருந்து அரை அடி எழும்பியிருந்தாள்.

ஸ்டெனி எண் எதுவும் சொல்லவில்லை.

மறுபடி வாசித்தாள். தப்பவில்லை. வேண்டுமென்றே தப்பப் பார்த்தாள். விரலை இழுத்துப் பிடித்தாள். திரையில் கோடு படுத்தே கிடந்தது. நடிப்பில் உதறு இல்லை. பதினோரு முறை வாசித்தாள். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், அதில் ஐந்தாறு முறை பிலோமியை அவள் நினைக்கவே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பிறகு எழுந்து போய்க் கூடத்தின் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பிலோமியின் கை மேசைமேல் கிடந்தது. விரல் ஒன்றும் ஆடவில்லை. அவர் பட்டையைக் கழற்றி, உதறி, மறுபடி கட்டிக்கொண்டிருந்தார், ரேடியோ எடுக்காத மாதிரி.

வெரோனிக்கா திரும்பி வந்தாள்.

“வேற பீஸ் எடுத்தா?”

“மொத வாரம் பத்து விரலும் தப்பும். எல்லாம் மொத்தமாப் போனா அவங்க கை வெலவெலத்துரும்,” என்றான் ஸ்டெனி. “திரும்புன நாலு விரலும் கெட்டுப் போகலாம். பெருவிரல் மட்டும் தப்பணும். அதுவும் நெசமாத் தப்பணும்.”

பெருவிரல் மட்டும். நிஜமாக. அவள் பியானோ மேலிருந்த தாளைப் பார்த்தாள். ஒவ்வொரு சுரத்துக்கு மேலும் பென்சிலில் சின்னச் சின்ன எண்கள். எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்பதை இரண்டு மாதம் முன்பு அவளே எழுதியது. ஒன்று என்றால் கட்டைவிரல். பியானோ வாசிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: தேர்வு நெருங்கும்போது சாப்பாட்டை மாற்றலாம், தூக்கத்தை மாற்றலாம், அந்த எண்ணை மட்டும் மாற்றக்கூடாது. மாற்றினால் விரல் பழையதையும் மறக்கும், புதியதையும் படிக்காது.

பையிலிருந்து ரப்பரை எடுத்தாள்.

“என்ன செய்யுதே?” ஸ்டெனி தடுப்பைச் சுற்றி ஓடிவந்தான்.

“பெருவிரல் நடுவிரலுக்கு அடில போகுதுல்லா? இனி மோதிர விரலுக்கு அடில போகட்டும். அடுத்த தடவ சுண்டுவிரலுக்கு அடில. தெனம் ஒண்ணு.”

“பரீட்சைக்கு?”

“பரீட்சைக்குப் பழைய நம்பர். அது மனசுல இருக்கு.”

“கைக்கு ரெண்டு மனசு கெடையாது வெரோ.”

“நீங்க மூணு வாரம் வாயப் பொத்திக்கிட்டு இருந்தீங்கல்லா? இப்பவும் பொத்துங்க.”

அழித்தாள். புது எண்களை எழுதினாள். வாசித்தாள். கட்டைவிரல் கிணற்றில் விழுந்தவன் மாதிரி துழாவியது.

“ஒண்ணு,” என்றான் ஸ்டெனி, மெதுவாக.

எட்டு நாள் அப்படிப் போனது. முதல் நாள் நூற்று நாற்பது தப்பு. எல்லாம் கட்டைவிரல், எல்லாம் நிஜம். நான்காம் நாள் பிலோமியின் கட்டைவிரல் நடுவிரல் நுனியைத் தொட்டது என்று ஸ்டெனி சொன்னான். ஏழாம் நாள் மோதிர விரல். தேர்வுக்கு முந்தின இரண்டு நாளும் வெரோனிக்கா பழைய எண்களுக்குத் திரும்பினாள். பத்துக்கு ஏழு முறை வந்தது. ஏழு போதும் என்று சொல்லிக்கொண்டாள்.

தேர்வு மத்தியானம் ஒன்றரை மணிக்கு. புடாபெஸ்டில் அப்போதுதான் காலைக் காப்பி முடிந்திருக்கும். மையத்துப் பியானோவுக்கு முன்னால் காமிராவை நிறுத்திவிட்டு ஸ்டெனி கேட்டான்.

“பட்டையக் கழட்டவா?”

“இருக்கட்டும். ரெண்டு மாசமா இந்த வெயிட்டோட வாசிச்சுருக்கேன். கழட்டுனா கை பறந்துரும்.”

திரையில் மூன்று பேர். நடுவில் வெள்ளை முடி வெட்டிய ஓர் அம்மாள். வணக்கம் சொன்னார்கள், பெயர் கேட்டார்கள், வாசிக்கலாம் என்றார்கள்.

லாஷு நன்றாக வந்தது. அந்த அம்மாள் தலையைச் சாய்த்துக் கேட்டதை வெரோனிக்கா ஓரக்கண்ணால் பார்த்தாள். ஃப்ரிஷ் கிளம்பியது. பன்னிரண்டு. பதிமூன்று. பதினான்கு. மூன்றாவது வரியில் கட்டைவிரல் நடுவிரலுக்கு அடியிலா மோதிர விரலுக்கு அடியிலா என்று ஒரு நொடியில் பாதி யோசித்தது. பாதி நொடி போதும்.

நின்றது.

“அங்கிருந்தே மறுபடி ஆரம்பியுங்கள், பரவாயில்லை,” என்று அந்த அம்மாள் ஆங்கிலத்தில் சொன்னார். கனிவாகத்தான் சொன்னார். வெரோனிக்காவுக்குக் காதுக்குள் ரத்தம் அடித்தது. ஆரம்பித்தாள். அதே இடத்தில் மறுபடி நின்றது. மூன்றாம் முறை ஏற்றத்தையே விட்டுவிட்டு, ஒரே வேகத்தில், ஓரமாக நடந்து கடைசிவரை போய்ச் சேர்ந்தாள். மூன்று பேரும் நன்றி சொன்னார்கள். திரை அணைந்தது.

ஸ்டெனி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். அவள் பட்டையை அவிழ்த்து அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆறாம் நாள் கடிதம் வந்தது. தேர்வாகவில்லை. வேகம் மாறும் இடங்களில் நிதானம் போதாது என்று ஒரு வரி. அம்மா கடிதத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு, “சாப்பிட வா,” என்றாள். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் ஸ்டெனி கூப்பிட்டான். வர முடியுமா என்றான். ஒரு கையெழுத்து வேண்டும் என்றான்.

“அன்னிக்கு பட்ட ஓடிக்கிட்டு இருந்துச்சு,” என்று ஆரம்பித்தான், அவள் உட்காருவதற்கு முன்னாலேயே. “பரீட்சை அன்னிக்கு. நான் அணைக்கல.”

“சரி.”

“நீ முட்டி நின்ன அந்த மூணு நிமிஷம் பதிவாகியிருக்கு. மறுநாள் அதப் பிலோமி அக்காவுக்குப் போட்டேன். வழக்கமா ரெண்டு நாள்ல செத்துரும்னு சொன்னேம்லா? இது சாகல. இன்னிக்கு எட்டாவது நாள். மொத நாள் எவ்ளோ உதறுச்சோ இன்னிக்கும் அவ்ளோ. இந்த மாதிரி ஒண்ணு எந்த ஊரு மையத்துலயும் கெடையாது.”

“ஏன் சாகல?”

“தெரியல. நீ அன்னிக்கு நெசமாப் பயந்தே. அதா இருக்கலாம்.” அவன் ஒரு தாளை மேசையில் தள்ளினான். “இன்னும் பதினோரு பேருக்குக் குடுக்கலாம்னு டாக்டர் சொல்லுதாரு. திருநெல்வேலி, மதுரை மையத்துக்கும் அனுப்பலாமாம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நாப்பது வாட்டி ஓட்டணும். ஒன் சம்மதம் வேணும்.”

வெரோனிக்கா தாளைத் தொடவில்லை.

“எட்டு நாள் என்னக் கேக்காம ஓட்டியிருக்கீங்க.”

“ஆமா.”

“மறுபடியும்.”

“ஆமா. மறுபடியும்.” அவன் முகம் கறுத்தது. “மாட்டேன்னா இப்பவே அழிச்சிருதேன். பொத்தான் இந்தா இருக்கு. நீயே அழுத்தலாம்.”

அவள் பொத்தானைப் பார்த்தாள். அந்த மூன்று நிமிஷத்தை உலகத்தில் யாரும் மறுபடி பார்க்கக்கூடாது என்றுதான் ஒன்பது நாளும் வேண்டிக்கொண்டிருந்தாள். இப்போது அது ஒரு நாளைக்கு நாற்பது முறை, முன்பின் தெரியாதவர்கள் கையில், நின்று, மறுபடி ஆரம்பித்து, நின்று. ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி உப்பு மூட்டையோடு போனது. 

“பேனா குடுங்க.”

கையெழுத்துப் போட்டாள். கீழே இன்னொரு கோடு இருந்தது: சாட்சி.

“ஊழியர் போடக்கூடாது. வெளியாள் யாராவது,” என்றான் ஸ்டெனி.

அவள் தாளை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். பிலோமி அதே ஜன்னலோரம், இடது கையால் பாட்டிலைத் திறக்கப் போராடிக்கொண்டிருந்தார்.

“அக்கா, ஒரு சாட்சிக் கையெழுத்துப் போடணும்.”

“எதுக்குட்டி? கல்யாணமா?”

“வாசிச்சுப் பாருங்க.”

பிலோமி உதடு அசைய வாசித்தார். ‘பழகுநர்’ என்ற வரியில் நின்று, வெரோனிக்காவின் கழுத்து அட்டையைப் பார்த்தார். இந்தத் தடவை அது நேராகத் தொங்கியது.

“அப்ப நீதானா அவ.”

“ஆமாக்கா.”

“அன்னிக்குத் தண்ணி குடிக்க வந்தப்பவே தெரியுமா?”

“அன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு.”

பிலோமிக்குக் கழுத்துவரை சிவந்தது. கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்தார், துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

“இதுல பரீட்சைன்னு போட்டுருக்கே. பாஸா?”

“இல்லக்கா.”

“அடுத்த வருசம்?”

“வயசு தாண்டிரும்.”

“பாவம்னு சொல்லணும்,” என்றார் பிலோமி மெதுவாக. “சொன்னா பொய்யாப் போகும். எனக்கு நல்லதாப் போச்சு. சந்தோசம்னு சொன்னா அதுவும் நல்லால்ல. ரெண்டையும் ஒரே வாயால சொல்ல வரல தாயி.”

“ஒண்ணும் சொல்லாண்டாம்க்கா. கையெழுத்துப் போடுங்க.”

பிலோமி பேனாவை இடது கையில் வாங்கி, யோசித்து, வலது கைக்கு மாற்றினார். ஆள்காட்டிக்கும் நடுவிரலுக்கும் நடுவில் செருகினார். கட்டைவிரல் வந்து தாங்க வேண்டும். வந்தது, நழுவியது. மறுபடி வந்தது. வெரோனிக்கா உதவப் போகவில்லை. பேனா தாளில் பட்டு, ‘பி’ என்று ஒன்று விழுந்தது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதிய மாதிரி. மற்ற எழுத்துகள் விழ நான்கு நிமிஷம் ஆனது.

“அஞ்சு மாசத்துல மொத தடவ,” என்றார். மூச்சு வாங்கியது. பிறகு எதையோ திடீரென்று நினைத்த மாதிரி நிமிர்ந்தார். “ஏட்டி, அந்தப் பாட்டு எப்படி இருக்கும்?”

“எது?”

“நீ வாசிச்சது. எனக்குக் கை மட்டும்தானே ஆடுச்சு. காதுல ஒரு சத்தம் விழலையே. அதுவும் அந்த ஒரு வரி. அதுக்கு முன்னால என்ன இருக்கு, பின்னால என்ன இருக்குன்னு ஒண்ணும் தெரியாது.”

“வாங்க, வாசிக்கேன்.”

“இப்பவும் அங்கன முட்டுவியா?”

“தெரியலக்கா.”

இரண்டு பேரும் ஏ.சி. அறைக்குள் நுழைந்தார்கள். பிலோமி செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, பியானோவைத் தொடலாமா என்று கேட்டு, தொட்டுப் பார்த்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஸ்டெனி பழக்கத்தில் பட்டையை எடுத்து நீட்டினான். வெரோனிக்கா அதை வாங்கி ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.